சாக்கைப் பிரிக்காம காய் எண்ணுறது

போன மாசம் லீவுல கம்பத்துக்குப் போயிருந்தப்ப சித்தப்பா தோட்டத்துக்கு மேல ஏறினேன். எங்க ஊர்ல மேலன்னா கேரளா, கீழன்னா தமிழ்நாடு, பார்டர் பத்தி எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். சித்தப்பாவுக்கு அணக்கரை பக்கம் ரெண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம், வீடு கீழ கம்பத்துல, கம்பம் மெட்டு வழியா காலையில ஜீப் ஏறிப் போய் சாயங்காலம் இறங்குற வாழ்க்கை, முப்பது வருசமா இதேதான்.

நான் போன அன்னைக்கு மனுசன் செம கடுப்புல இருந்தாரு. விசயம் என்னன்னா செடியில காய் அழுகுது, மழை விடாம பேஞ்சா அழுகல் வரும், அது புதுசு இல்ல. ஆனா இந்த தடவை பக்கத்து தோட்டத்துப் பையன் பேச்சக் கேட்டு போன்ல நோய் பாக்குற ஒரு ஆப்ப இறக்கி காயை போட்டோ புடிச்சு போட்டுட்டாரு. ஆப்பு பேர் வேண்டாம், அது இல்லன்னா இன்னொண்ணு, எல்லாம் ஒண்ணுதான். அது ஒழுங்காத்தான் சொல்லிருக்கு, அழுகல்னு. ஆனா மறுநாள் காலையில ஏழு மணிக்கெல்லாம் போன். "சேட்டா, அழுகலுக்கு நல்ல மருந்துண்டு, தோட்டத்தில் எத்திச்சு தராம்"னு ஒருத்தன். அடுத்து தமிழ்ல ஒருத்தன். மூணாவது நாள் வந்த போன்தான் அவர ரொம்ப உறுத்திருச்சு, பேசுனவன் காய் வாங்குறவன். "அண்ணாச்சி, காய் அழுகுதாமே, இருக்கிறத இப்பவே குடுத்துருங்க, நல்ல விலை போட்டுத் தரேன்"னு கேக்குறான்.

"எனக்கு சீக்குன்னு டாக்டர்கிட்ட சொன்னேன், அவன் போய் வட்டிக்கு விடுறவன்கிட்ட சொல்லிட்டான்" அப்டின்னாரு சித்தப்பா. ஆப்புதான் வித்துச்சா இல்ல வேற எங்கயாவது ஒழுகுச்சான்னு எனக்குத் தெரியாது, நிரூபிக்கவும் முடியாது. ஆனா அவர் கேட்ட கேள்வி மண்டைக்குள்ளயே உக்காந்துருச்சு: "ஏப்பா, போட்டோவ அவன் பாக்காமயே என்ன நோய்னு சொல்ல முடியாதா?"

முடியும்னு சொன்னேன். சிரிச்சாரு. சாக்கைப் பிரிக்காம உள்ள எத்தனை காய் இருக்குன்னு எண்ணுவியான்னு கேட்டாரு. ஆமா, எண்ணுறதுக்கு ஒரு வழி இருக்கு, அதுக்குப் பேரு ஹோமோமார்பிக் என்க்ரிப்ஷன், டேட்டாவப் பூட்டி வச்சு, திறக்காமயே அது மேல கணக்குப் போடுறது. நான் பெங்களூர்ல டேட்டா வேலை பாக்குறவன், இது என் முழுநேர வேலை இல்ல, ஆனா ரெண்டு வருசமா ராத்திரி உக்காந்து இதைத்தான் நோண்டிட்டு இருக்கேன். ஸ்டோர்ல, அதான் காய் காய வைக்கிற கட்டடத்துல, அந்த சூட்டுல உக்காந்து பழைய லாட் சீட்டு பின்னாடி அவருக்கு எழுதிக் காமிச்ச கணக்க அப்படியே இங்க போடுறேன், கால்குலேட்டர் எடுத்துக்கங்க.

ரகசிய சாவி 1001. மொய்க் கவர் எண்ணு, மறக்காது. அனுப்ப வேண்டிய சேதி ஒண்ணு அல்லது சைபர். ஒண்ணுன்னா ஒரு சின்ன ஒத்தைப்படை எண் எடுத்துக்கணும், சைபர்னா சின்ன ரெட்டைப்படை. அதோட 1001-ஐ ஏதாவது ஒரு எண்ணால பெருக்கி கூட்டிரணும். ஒண்ணுக்கு 7 எடுக்குறேன், 57 தடவை 1001 கூட்டுனா 57064. சைபருக்கு 4 எடுக்குறேன், 83 தடவை 1001, மொத்தம் 83087. இந்த ரெண்டு எண்ணையும் ஊர்ல எவன்கிட்ட வேணா குடுக்கலாம், அவனுக்கு எது ஒண்ணு எது சைபர்னு தெரியாது. இப்ப அவன கூட்டச் சொல்லுங்க: 140151. அத நம்மகிட்ட குடுத்தான்னா 1001 ஆல வகுத்து மீதி பாக்குறோம், 11. ஒத்தைப்படை, அப்ப ஒண்ணு. ஒண்ணும் சைபரும் ஒண்ணு, சரி. பெருக்கச் சொன்னா 474,12,76,568 வரும், மீதி 28, ரெட்டைப்படை, சைபர். ஒண்ணு பெருக்கல் சைபர் சைபர், அதுவும் சரி. கூட்டுனவனுக்கும் பெருக்குனவனுக்கும் உள்ள என்ன இருந்துச்சுன்னே தெரியாது. கூட்டலும் பெருக்கலும் வந்துருச்சுன்னா கம்ப்யூட்டர் பண்ற மத்த எல்லாத்தையும் அதை வச்சே கட்டிரலாம்.

சித்தப்பா பத்தாவது வரைக்கும் படிச்சவரு, ஆனா மீதி கணக்குல புலி. உடனே கேட்டாரு, எதுக்கு அந்த 7-ம் 4-ம், சும்மா 1001-ஓட மடங்க மட்டும் வச்சா என்னன்னு. அதுதான் விசயமே. அந்த சின்ன எண்ணு இல்லன்னா ரெண்டு எண்ணுக்கும் மீப்பெரு பொதுக்காரணி போட்டாலே 1001-ன்னு சாவி வெளிய வந்துரும், ஸ்கூல் பையன் கண்டுபுடிச்சுருவான். அந்த சின்ன எண்ணுதான் கண்ணுல மண்ணைத் தூவுது, இந்த துறையில அத நாய்ஸ்னு சொல்லுவாய்ங்க, இரைச்சல். நிஜத்துல லட்சக்கணக்கான பிட் நீள எண்கள் போடணும், நம்ம 57064 எல்லாம் எவனும் ரெண்டு நிமிசத்துல உடைச்சுருவான். இந்த முறைய 2010-ல வான் டைக், ஜென்ட்ரி, ஹலேவி, வைகுண்டநாதன் நாலு பேரும் சேந்து எழுதுனாங்க. வைகுண்டநாதன் ஐஐடி மெட்ராஸ்ல பிடெக் படிச்சவரு, இப்ப எம்ஐடில புரொபசர்.

ஆனா அந்த இரைச்சலே வினையும். அந்த மீதி 11 இருக்குல்ல, அது ஒண்ணைக் குறிக்குது. அதை அதாலயே பெருக்குனா 121, இன்னும் ஒத்தைப்படை, சரி. இன்னொரு தடவை பெருக்குனா 1331. அது சாவிய விட பெருசாயிருச்சு, 1001 ஆல வகுத்தா மீதி 330. ரெட்டைப்படை! ஒண்ணை மூணு தடவை பெருக்குனா ஒண்ணுதான வரணும், சைபர் வருது. கணக்கு கெட்டுப்போச்சு. ஈரக் காயை மூட்டை கட்டுன மாதிரி, ஒவ்வொரு பெருக்கலுக்கும் ஈரம் ஏறிக்கிட்டே போய் ஒரு கட்டத்துல மொத்தமும் பூசணம்.

இந்த இடத்துலதான் உலகமே முப்பது வருசம் நின்னுச்சு. 1978-லயே ரிவெஸ்ட், ஏடல்மேன், டெர்டூசோஸ் மூணு பேரும் பூட்டுன டேட்டா மேலயே கணக்குப் போட முடியுமான்னு கேட்டுட்டாய்ங்க. பெருக்கல் மட்டும் வர்ற முறை இருந்துச்சு, 1999-ல பாஸ்கல் பையே கூட்டல் மட்டும் வர்ற முறை குடுத்தாரு, 2005-ல எத்தனை கூட்டல் வேணா ஆனா ஒரே ஒரு பெருக்கல்னு ஒண்ணு வந்துச்சு. ரெண்டும் எத்தனை தடவை வேணாங்கிறது மட்டும் யாருக்கும் சிக்கல. 2009-ல கிரெய்க் ஜென்ட்ரி, ஸ்டான்போர்டுல பிஎச்டி பண்ணிட்டு இருந்தவரு, உடைச்சாரு. ஹார்வர்டுல சட்டம் படிச்சு முடிச்சுட்டு இந்தப் பக்கம் வந்த ஆளுங்க அவரு, வக்கீலுக்குப் படிச்சவரு வந்து கணக்கு வாத்தியாருங்களுக்கு வழி காட்டிருக்காரு.

அவர் பண்ணது என்னன்னா, சாக்கு ஈரமாயிருச்சா, மூட்டையைப் பிரிக்காத. மூட்டையோட தூக்கி ஒரு புது காஞ்ச சாக்குக்குள்ள வச்சு கட்டு, அப்புறம் உள்ள இருக்க பழைய ஈரச் சாக்க மட்டும் உருவிரு. காய் ஒரு நிமிசம்கூட வெளிய தெரியல. கணக்கு பாஷையில சொன்னா சாவியவே பூட்டி சர்வர்கிட்ட குடுத்துரு, திறக்குற கணக்கையே அது பூட்டுக்குள்ள வச்சு ஓட்டும், வெளிய வரும்போது இரைச்சல் குறைஞ்சு புதுசா இருக்கும். பூட்ஸ்ட்ராப்பிங்னு பேரு. படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கம் வரல, இப்பவும் யோசிச்சா கொஞ்சம் கிறுகிறுன்னுதான் வருது. இதோட தொடர்ச்சியா வந்த வேலைக்கு 2022-ல பிராகர்ஸ்கி, ஜென்ட்ரி, வைகுண்டநாதன் மூணு பேருக்கும் கம்ப்யூட்டர் தியரிக்கு குடுக்குற கோடெல் பரிசு குடுத்தாங்க.

சரி, வேகம்? அதுலதான் எல்லாரும் கிண்டல் பண்ணுவாய்ங்க. ஜென்ட்ரியும் ஹலேவியும் 2010-ல அத எழுதி ஓட்டிப் பாத்தப்ப சாக்கு மாத்துற வேலை ஒரு தடவைக்கே 30 செகண்ட்லருந்து 30 நிமிசம் வரைக்கும் எடுத்துச்சு, பெரிய செட்டிங்ல சாவி சைஸ் 2 ஜிபிய தாண்டுச்சு. 2016-ல சில்லோட்டி, காமா, ஜார்ஜியேவா, இசபஷேன் நாலு பேர் அத 0.1 செகண்டுக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. ஆறு வருசத்துல 30 நிமிசத்துலருந்து கண்ணிமைக்கிற நேரம், ரெண்டும் வேற வேற முறை, ஒண்ணோட ஒண்ண நேரா ஒப்பிடக் கூடாது, ஆனாலும் சொல்லும்போது நல்லாத்தான் இருக்கு. இன்னும் சாதா கணக்கோட வச்சுப் பாத்தா ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவுதான். நான் இந்தப் பூட்டு வேலைக்குன்னே மைக்ரோசாப்ட் எழுதுன சீல் லைப்ரரிய என் லேப்டாப்புல போட்டு ஒரே ஒரு எண்ணை பூட்டிப் பாத்தேன், சில நூறு கேபி ஆயிருச்சு. ஒரு எண்ணுக்கு! ஆனா அந்த ஒரே பெட்டிக்குள்ள 8192 எண்ணை அடுக்கலாம், எல்லாத்தையும் ஒரே கூட்டல்ல கூட்டிரலாம். கம்பத்துலருந்து காய் எடுக்கப் போற ஜீப் மாதிரின்னு வைங்க, ஒரு ஆளு போனாலும் அதே டீசல், பதினெட்டு பேர தொங்கவிட்டுட்டுப் போனாலும் அதே டீசல். எங்க ஊர்க்காரனுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

இப்ப சித்தப்பாவோட போட்டோவுக்கு வருவோம். 2016-ல கிரிப்டோநெட்ஸ்னு ஒரு வேலை வந்துச்சு, மைக்ரோசாப்ட் ரிசர்ச்ல கிறிஸ்டின் லாட்டர் குழு. கையால எழுதுன எண்களோட படத்தை பூட்டியே அனுப்பு, நியூரல் நெட்வொர்க், அதான் படம் பாத்து என்னன்னு சொல்ற ஏஐ, பூட்டைத் தொடாமயே இது மூணு, இது எட்டுன்னு பதில் சொல்லும், அந்தப் பதிலும் பூட்டியேதான் வரும், திறக்குறது நீ. நூத்துக்கு 99 சரியா சொல்லுச்சு. 250 செகண்ட் ஆச்சு, ஆனா நம்ம ஜீப் கணக்கு, அதே 250 செகண்டுல 4096 படம். ஒரு மணி நேரத்துக்கு 59,000 கிட்ட வருது.

இதுல எனக்குப் புடிச்சது அவங்க பட்ட கஷ்டம். நியூரல் நெட்வொர்க்குக்குள்ள சாதாரணமா ஒரு வேலை நடக்கும், மைனஸா இருந்தா சைபர் ஆக்கு, ப்ளஸ்ஸா இருந்தா அப்படியே விடு. கேக்க சுலபம். ஆனா பூட்டுன எண்ணு மைனஸா ப்ளஸ்ஸான்னு எப்படிப் பாப்ப? பாத்தா பூட்டுக்கு அர்த்தமே இல்லயே. அதனால அந்த வேலையவே தூக்கிட்டு அதுக்குப் பதிலா எண்ணை அதாலயே பெருக்கிட்டாங்க. வர்க்கம். பெருக்கல்தான் நமக்கு வருமே! அப்புறம் 2017-ல சியோல்ல ஜங் ஹீ சியான் குழு தசம எண்களுக்கு தோதான ஒரு முறை கொண்டு வந்தாங்க, சிகேகேஎஸ். இரைச்சல தனியா பிரிக்கவே வேண்டாம், அதை தசமத்துக்கு அப்புறம் வர்ற தோராயப் பிழைன்னு எடுத்துக்கிட்டு விட்ருவோம்னாங்க. அது ஏஐ-க்கு அப்படியே பொருந்துச்சு, ஏஐயே தோராயந்தான.

ஆக சித்தப்பா கேட்டதுக்கு பதில் இருக்கு. காய் போட்டோ போன்லயே பூட்டிப் போகும், அழுகல்னு பதில் பூட்டி வரும், ஆப்புக்காரனுக்கு நோயும் தெரியாது காயும் தெரியாது. ஆப்பிள் 2024-ல ஐபோன் போட்டோவுல இருக்கிற இடம் கோயிலா கோட்டையான்னு கண்டுபுடிக்க இதே மாதிரிதான் ஹோமோமார்பிக் என்க்ரிப்ஷன் போட்டாங்க. அது கேட்காமயே ஆன் ஆகி இருந்துச்சுன்னு ஜனங்க சண்டைக்கு வந்துட்டாங்க, அது வேற கதை. கவனிக்க வேண்டியது, அவங்க பூட்டோட நிக்கல, யார் போன்லருந்து கேள்வி வருதுன்னு தெரியாம இருக்க நடுவுல இன்னொரு ஆள் வழியா சுத்தி அனுப்புறாங்க. ஏன்னா போட்டோ பூட்டி இருந்தாலும், அணக்கரைலருந்து ஒருத்தர் ஒரு வாரத்துல இருபது தடவை நோய் பாக்குறாருங்கிற விசயமே போதும் அந்த காய் யாவாரிக்கு.

இதை சொன்னப்ப சித்தப்பா தலைய மட்டும் ஆட்டுனாரு. எனக்குக் கொஞ்சம் வருத்தமாப் போச்சு, இவ்வளவு கஷ்டப்பட்டு சொல்றேன். கட்டஞ்சாயா குடிச்சுட்டு அப்புறம்தான் வாயத் திறந்தாரு. அவருக்கு வேண்டியது வேற. கீழ போடியிலயும் மேல கேரளா புத்தடியிலயும் ஸ்பைசஸ் போர்டு ஏலம் நடக்குது, வந்த சரக்கு எவ்வளவு, வித்தது எவ்வளவு எல்லாம் போடுறாய்ங்க. ஆனா ஸ்டோர்ல எவனெவன் எவ்வளவு புடிச்சு வச்சிருக்கான்னு யாருக்கும் தெரியாது. 2019 ஆகஸ்ட்ல புத்தடியில கிலோ 7000 ரூபாய்க்குப் போச்சே, அப்ப சித்தப்பா அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே எல்லாத்தையும் குடுத்துட்டு உக்காந்திருந்தாரு, அந்த வலி இன்னும் ஆறல. "மேல மொத்தம் எவ்வளவு காய் தங்கியிருக்குன்னு தெரிஞ்சா போதும்டா. ஆனா எங்கிட்ட எவ்வளவு இருக்குன்னு நான் எவனுக்கும் சொல்ல மாட்டேன். எவனும் சொல்ல மாட்டான்."

அட, இதுக்கு ஹோமோமார்பிக்கே வேண்டாமே! இதை பங்கு போட்டே முடிச்சரலாம். திருப்பியும் லாட் சீட்டு எடுத்தேன். உங்ககிட்ட 180 கிலோ இருக்குன்னு வைங்க, அத மூணா உடைங்க, இஷ்டத்துக்கு: 412, மைனஸ் 367, 135. கூட்டுனா 180. பக்கத்து தோட்டக்காரர் 95 கிலோ: மைனஸ் 210, 268, 37. மூணு பெட்டி வைக்கிறோம், மூணு வேற வேற ஆளுங்ககிட்ட. முதல் பெட்டியில 412-ம் மைனஸ் 210-ம் விழும், அது கூட்டி 202-ன்னு சொல்லும். ரெண்டாவது மைனஸ் 99. மூணாவது 172. மூணையும் கூட்டுனா 275, அதான் மொத்தம். எந்தப் பெட்டிக்காரனுக்கும் உங்க 180 தெரியாது.

மனுசன் சீட்ட வாங்கி ரெண்டு நிமிசம் பாத்தாரு. "275-ல எம்பங்கு 180-அக் கழிச்சா அவன்கிட்ட 95 இருக்குன்னு வந்துருச்சேடா."

நான் இதைத்தான் சொல்ல வந்தேன், அதுக்குள்ள அவரே புடிச்சுட்டாரு. பூட்டு எவ்வளவு கெட்டியா இருந்தாலும் பதில் பேசிரும். ரெண்டு பேருக்குப் பதிலா இருநூறு பேர் இருந்தா பரவால்லன்னு தோணும், ஆனா நேத்து இருநூறு பேர் மொத்தம் இன்னைக்கு நூத்தித் தொண்ணூத்தி ஒம்பது பேர் மொத்தம்னு ரெண்டையும் வெளியிட்டா விட்டுப்போனவன் கணக்கு வெளிய வந்துரும். இதுக்கு சிந்தியா டுவார்க்கும் கூட்டாளிகளும் 2006-ல ஒரு வழி சொன்னாங்க, டிஃபரென்ஷியல் பிரைவசி, பதில் மேல தெரிஞ்சே கொஞ்சம் இரைச்சல கலந்து வெளியிடு. இருநூறு பேர் மொத்தத்த ஒருத்தர் கையிருப்பு அளவுக்கு முன்ன பின்ன ஆக்கிச் சொல்லு, விலை யோசிக்கிறதுக்கு அது போதும், ஒருத்தனைத் தனியா புடிக்கிறது கஷ்டம். சிகேகேஎஸ்லயும் இதே கூத்து நடந்துச்சு, 2021-ல லீ, மிச்சியான்சியோன்னு ரெண்டு பேரு திறந்த பதிலை அப்படியே மத்தவனுக்குக் காட்டுனா அதுல ஒட்டிக்கிட்டு இருக்க இரைச்சல வச்சே சாவிய எடுத்துரலாம்னு காமிச்சாங்க. அங்கயும் வைத்தியம் அதேதான், காட்டுறதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் இரைச்சலப் போடு.

"இதெல்லாம் எவனாவது நெசமா பண்ணிருக்கானா, இல்ல காயிதத்துலயேவா?"

பண்ணிருக்காங்க. டென்மார்க்ல, 2008 ஜனவரி. அங்க சர்க்கரைக்கு கரும்பு இல்ல, பீட்ரூட் மாதிரி ஒரு கிழங்கு, சுகர் பீட். அத வாங்கி ஆட்டுற கம்பெனி அப்ப நாட்டுலயே ஒண்ணுதான், டேனிஸ்கோ. ஐரோப்பாவுல சர்க்கரை ஆதரவு விலையக் குறைச்சதால, கிழங்கு போடுற ஒப்பந்தத்தை விவசாயிங்க தங்களுக்குள்ள கைமாத்திக்க வேண்டி வந்துச்சு, அதுக்கு ஏலம். ஒவ்வொருத்தரும் இந்த விலைன்னா இவ்வளவு விப்பேன், இந்த விலைன்னா இவ்வளவு வாங்குவேன்னு மொத்தமும் சொல்லணும். அத டேனிஸ்கோகிட்ட சொன்னா போச்சு, யாருக்கு எந்த விலை கட்டுபடியாகும்னு அவன் தெரிஞ்சு வச்சுக்கிட்டு அடுத்த வருசம் பேரம் பேசும்போது கழுத்துல கத்தி வைப்பான். அதனால மூணு சர்வர். சுமார் 1200 விவசாயிங்க ஏலத்தை பங்கு பங்கா உடைச்சுப் போட்டாங்க, நான் சொன்ன கூட்டல் இல்ல, ஷமீர் 1979-ல சொன்ன முறை, ஆனா யோசனை ஒண்ணுதான். அரை மணி நேரத்துல ஒரே ஒரு விலை வெளிய வந்துச்சு, 25,000 டன் உரிமை கைமாறுச்சு. யார் என்ன கேட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எவனுக்கும் தெரியாது.

சித்தப்பா நிமிந்து உக்காந்துட்டாரு. கிழங்குக்கு பண்ணது காய்க்கு ஆகாதா. அந்த மூணு பொட்டி யார் யார்கிட்டன்னாரு. ஒண்ணு டேனிஸ்கோ, ஒண்ணு விவசாயிங்க சங்கம். அதுல ரெண்டு பேர் சேந்து பங்க ஒட்ட வச்சாலே எல்லாம் தெரிஞ்சுரும், அதனால மூணாவது ஆள் முக்கியம்னு சொன்னேன்.

"அப்ப இங்க மூணாவது யாருடா?"

நான் ஏலம் நடத்துற கம்பெனின்னு சொன்னேன், அவன் கமிசன் வாங்குறவன்னு தள்ளுனாரு. கூட்டுறவு பேங்க்னு சொன்னேன், அங்க யார் பிரசிடெண்ட்டுன்னு உனக்குத் தெரியுமான்னு கேட்டாரு. போர்டு ஆபீஸ்னு சொன்னேன், எந்த ஆபீஸு, போடியா கேரளாவா, போடின்னா மேல இருக்கவன் ஒத்துக்க மாட்டான், கேரளான்னா கீழ இருக்கவன் ஒத்துக்க மாட்டான். சர்ச்னு சொன்னேன், ஃபாதர் தங்கமானவருதான், ஆனா சர்ச்சுக்கும் நாப்பது ஏக்கர் இருக்கேன்னாரு. உங்க பொண்ணுகிட்ட குடுத்துரலாம், அவ கம்ப்யூட்டர்தான படிக்கிறான்னு சும்மா சொன்னேன், முறைச்சாரு.

வெளிய ஜீப்புக்காரன் ஹாரன் அடிக்க ஆரம்பிச்சுட்டான், கடைசி டிரிப்பு. சித்தப்பா லாட் சீட்ட நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டே கேட்டாரு.

"டென்மார்க்ல அந்த மூணாவத யாருக்குடா குடுத்தாய்ங்க?"

"ஆராய்ச்சி பண்றவய்ங்க, அந்த ஏலத்துக்கு சிஸ்டத்தக் கட்டுனவய்ங்களே."

"அவய்ங்களுக்குத் தோட்டம் இருக்கா?"

"இல்ல சித்தப்பா."

"அப்ப சரி"ன்னுட்டு ஸ்டோரைப் பூட்டுனாரு, பூட்ட ரெண்டு தடவை இழுத்துப் பாத்தாரு.